கொடிக்கம்பத்தில் ஒரு சிட்டம் பட்டு

1

போன முறை நான் கங்காருவைப் பற்றி எழுதியதை ஆரணியில் பலர் ரசித்தார்கள் என்று பத்திரிகைக்காரர் கடிதம் போட்டிருந்தார். இந்த முறை கங்காரு கிடையாது. என் மகனைப் பற்றி எழுதப்போகிறேன். படிக்கப் பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

போன மாதம் எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்திலிருந்து பாபுவை ஒரு வருஷத்துக்கு விலக்கிவைத்தார்கள். விலக்கியே ஆகவேண்டும் என்று எழுந்து நின்று பேசியவன் நான்தான். மற்ற எல்லோரும் வேண்டாம், விட்டுவிடலாம் என்றார்கள். மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வட்டாரத்திலிருந்து போக இருந்தவன் அவன் ஒருவன்தான். மூன்று வருஷமாக அந்த ஒரு போட்டிக்காகவே விடியற்காலையில் எழுந்து மூச்சை அடக்கப் பழகியவன். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். ஆக, அது போனது போனதுதான்.

இன்று காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடிலெய்டு பஸ் ஏறிவிட்டான். பதினாறு வயது. அங்கே ஒரு கார் பட்டறையில் வேலை பழகப் போகிறானாம். படிப்பு வேண்டாமாம்.

பெற்ற பிள்ளைக்கு இப்படியும் ஒருத்தன் செய்வானா என்று நீங்கள் காறித் துப்பலாம். தாராளமாகத் துப்புங்கள். கடல் தாண்டி இங்கே வந்து விழாது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஏழுமலை. ஆரணிக்கு வெளியே, போளூர் ரோட்டை ஒட்டிய காலனியில் பிறந்தவன். ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டர் ஆனேன். என் மனைவி சரோஜா நர்ஸ். இந்த நாட்டுக்குத் தேவைப்பட்டது அவள்தான்; நான் அவளோடு வந்த சாமான். எங்களைக் கொண்டுவந்து போட்ட இடம் கோதுமை விளையும் ஒரு சின்ன ஊர். டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. வாயில் நுழையவில்லை என்று என் பெயரை 'எல்' என்று வெட்டிவிட்டார்கள். ஏழு மலையில் ஒரு மேடுகூட மிஞ்சவில்லை. பாபு பள்ளிக்கூடத்தில் முதல் நாளே 'பாப்' ஆகிவிட்டான். அவன் தமிழ், சமையலறைத் தமிழ். சாப்பாடு கேட்க, தண்ணீர் கேட்க, அம்மாவிடம் சிணுங்க. மற்றதற்கெல்லாம் இங்கிலீஷ்தான்.

2

துப்பாக்கிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். லைசென்ஸ் கொடுக்கும் போலீஸ்காரரும் அதைத்தான் கேட்டார். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னை மேலும் கீழும் பார்த்து, எதற்காகத் துப்பாக்கி பழக ஆசை என்றார். விளையாட்டு என்றேன். முயலா, நரியா என்றார். குறி வரைந்த அட்டையைச் சுட என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கே வந்து துப்பாக்கி வைக்கும் பெட்டியைப் பார்த்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார், சரோஜாவிடம் நான் குடிப்பேனா, கோபக்காரனா என்று விசாரித்தார். குடிப்பதில்லை என்று மட்டும் சொன்னாள்.

உண்மைக் காரணத்தை அவரிடம் சொல்லியிருக்க முடியாது. அது ஒரு ஆடு.

இங்கே வந்த புதிதில் கென் என்ற கோதுமைக்காரர் என்னைத் தன் சங்கத்தைப் பார்க்கக் கூட்டிப்போனார். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. எதிரே ஐம்பது மீட்டரில் வரிசையாக அட்டைகள். அவற்றுக்குப் பின்னால் மண்மேடு. மேட்டின்மேல் சிவப்புக் கொடி. ஆட்கள் குப்புறப் படுத்து ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் நின்றேன். கையெல்லாம் வேர்த்திருந்தது, அது வேறு கதை, வருகிறேன்.

திடீரென்று மணி அடித்தது. ஒரே நொடியில் எல்லாத் துப்பாக்கியும் நின்றது. துப்பாக்கியில் தோட்டா போடும் பூட்டுகளைத் திறந்தார்கள், தோட்டாவை வெளியே எடுத்தார்கள், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. என்ன ஆயிற்று என்று கென்னைக் கேட்டேன். விரலை நீட்டினார். மண்மேட்டின் ஓரத்தில், வேலிக்குள் புகுந்த ஒரு செம்மறியாடு நின்று புல்லை மேய்ந்துகொண்டிருந்தது.

ஆட்டுக்காரனுக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் வந்து ஓட்டிக்கொண்டு போகும்வரை பெரிய பெரிய ஆட்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் போய்க் காரில் உட்கார்ந்து அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம். ஒரு ஆட்டுக்கு இவ்வளவா என்று ஆத்திரம். அடுத்த வாரமே விண்ணப்பம் கொடுத்துச் சேர்ந்துவிட்டேன்.

3

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் சில பெரிய மனிதர்கள் ஒரு துப்பாக்கிச் சங்கம் வைத்திருந்தார்கள். இன்று அதை நினைவில் வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கலாம். வெளியே சொல்ல மாட்டார்கள். ரைஸ்மில்காரர் ஒருவர், வக்கீல் ஒருவர், எங்கள் காலனிப் பெண்களில் பாதிப்பேருக்கு வேலை கொடுத்த பட்டுக்கடை முதலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் வற்றிய ஏரிக்குள் காரை இறக்கி, ஏரிக்கரையில் அட்டையைக் குத்திவைத்துச் சுடுவார்கள். ஆரம்பத்தில் முறையாகத்தான் செய்தார்கள். எங்கள் தெருவில் தண்டோரா போட்டுச் சொன்னார்கள்: கரைமேல் சிவப்புக் கொடி பறந்தால் அந்தப் பக்கம் ஆளும் போகக்கூடாது, மாடும் போகக்கூடாது. கரைமேல் ஒரு காவல்காரனையும் உட்காரவைத்தார்கள்.

என் அக்கா கன்னியம்மா முதலாளியின் சாயப்பட்டறையில் வேலை செய்தாள். சாயம் ஏறிய பட்டு நூல் கற்றைகளைச் சிட்டம் சிட்டமாக எண்ணிக் கொடுப்பார்கள். ஈரம் சொட்டச் சொட்டத் தலையில் சுமந்துபோய் ஏரிக்கரைக்கு இந்தப் பக்கத்துப் புளியந்தோப்பில் மூங்கில் கழிகளில் கோத்து, உதறி உதறிக் காயவைக்கவேண்டும். நிழலில்தான் காயவேண்டும். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும், நூல் முறுகும். வெளுத்த சிட்டத்தை முதலாளி கையில் எடுத்துப் பார்த்தால் அன்றைக்குப் பட்டறையே நடுங்கும். அதுவும் அரக்குச் சிவப்பு என்றால் கேட்கவே வேண்டாம், முகூர்த்தப் புடவைக்குப் போகிற நூல். ஆரணியில் பிறந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் குழந்தைகூட வெயிலில் பட்டைக் கண்டால் எடுத்து நிழலில் போடும்.

அன்றைக்கு முதலாளி வேலூரிலிருந்து ஒரு விருந்தாளியைக் கூட்டிவந்திருந்தார். ஏரிக்குள் இறங்கின பிறகுதான் கொடி வீட்டிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. திரும்பிப் போக யாருக்கு மனசு வரும்? காரில், எங்கோ காட்டுவதற்காக வைத்திருந்த அரக்குச் சிட்டம் ஒன்று கிடந்தது. சிவப்பு சிவப்புதானே என்று அதை எடுத்துக் கொடிக்கம்பத்தில் கட்டிக் கரைமேல் நட்டுவிட்டார்கள். காவல்காரனைச் சோடா வாங்கிவர டவுனுக்கு அனுப்பினார்கள். பிறகு சுட ஆரம்பித்தார்கள்.

தோப்பிலிருந்து அக்கா நிமிர்ந்து பார்த்தாள். உச்சி வெயிலில், கரைமேல், ஒற்றைக் கழியில், முதலாளியின் அரக்குப் பட்டு.

துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லையா என்று கேட்பீர்கள். கேட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தச் சத்தம் எங்களுக்குக் காக்காய் கத்துவதுபோல. கொடி இருக்கிறதா என்று அவளும் பார்த்திருப்பாள். கொடி இல்லை, சிட்டம்தான் இருந்தது. யாரோ மறதியாக விட்டுப்போயிருக்கிறார்கள், கணக்குத் தன் தலையில்தான் விடியும் என்று ஓடினாள். கரைமேல் ஏறி, கம்பத்திலிருந்து சிட்டத்தை அவிழ்த்தாள். ஆளை வரவிடாமல் வைக்கவேண்டிய பொருள் அவளைக் கூப்பிட்டு வரவழைத்துவிட்டது. அந்த ஏரியில் அன்று தன் வேலையின் விதியை மறக்காதவள் அவள் ஒருத்திதான்.

4

நான் அப்போது ராணிப்பேட்டையில் வேலை. ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தேன். யாரோ வந்து சொல்லி ஓடினேன். அக்கா கரைச் சரிவில் உட்கார்ந்திருந்தாள், சிட்டம் மடியில். வயிற்றில் ஒரு சின்னப் பொத்தல். ரத்தம்கூட அதிகமில்லை. ஏரிக்குள் முதலாளியும் வக்கீலும் காருக்குப் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கிட்ட வரவில்லை.

"எறும்பு கடிச்சா மாதிரி சுருக்குனுச்சு தம்பி, அவ்ளோதான்," என்றாள். "நீ இத்த எடுத்துகினு போய் நெழல்ல போடு, ஜல்தி."

ஆரணி ஆஸ்பத்திரியில் இங்கே முடியாது, வேலூருக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். முதலாளியின் காரைக் கேட்க நைனா ஓடினார். என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். விருந்தாளியை வேலூரில் விடவேண்டும், அவருக்கு நேரமாகிவிட்டது, நீங்கள் பஸ்ஸில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் ஏற்றினோம். படுக்கவைக்க இடமில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் நிமிர்த்தி உட்காரவைத்தோம். கொஞ்சம் தள்ளி உட்காரும்மா என்று ஒரு அம்மாள் அக்காவின் தோளைத் தட்டினார். நைனா அக்காவைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எவன்டா அத்த வெயில்ல கட்னது? மொதலாளி பாத்தா என்னத்தான கேப்பாரு."

கண்ணமங்கலத்துக்கு அருகே முதலாளியின் கார் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் பஸ்ஸை முந்திப்போனது. பின்சீட்டில் அந்த விருந்தாளி தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வேலூரில் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு பயிற்சி நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு அக்காவின் கண்ணை மூடிவிட்டாள். அந்தப் பெண்தான் சரோஜா. எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள், இப்படித்தான் ஆரம்பித்தது.

அடுத்த நாள் போலீஸ் ஸ்டேஷனில் விசாரணை. இன்ஸ்பெக்டர் நாற்காலியில், முதலாளி பக்கத்து நாற்காலியில், நைனாவும் நானும் நின்றபடி.

"கொடி இருந்துச்சா?"

"இருந்துச்சிங்க."

"இன்னா கலரு?"

"செவப்புங்க."

"செவப்பு இருந்தா போகக்கூடாதுன்னு தண்டோரா போட்டாங்களா, இல்லியா?"

"போட்டாங்க சாமி."

"அப்புறம் ஏன் போனா?"

நான் வாயைத் திறந்தேன். நைனா என் மணிக்கட்டைப் பிடித்தார். கழனியில் வேலை செய்த கை, எலும்பு நொறுங்குவதுபோல இருந்தது. "தெரியலீங்க சாமி," என்றார்.

தெரியாதா? அந்த ஸ்டேஷனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டருக்குத் தெரியும், வாசலில் நின்ற கான்ஸ்டபிளுக்குத் தெரியும், முதலாளிக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பட்டை வெயிலில் கட்டினது யார் என்று ஒருத்தன் கேட்கவில்லை. யார் துப்பாக்கியிலிருந்து வந்த குண்டு என்றும் கேட்கவில்லை. கொடியைப் பார்த்தும் அலட்சியமாகப் போனாள் என்று முடித்தார்கள். நைனா அதற்கு மறுநாளே முதலாளியின் கழனிக்கு வேலைக்குப் போனார். ஏன் போனாய் என்று கத்தினேன். வேறெங்கே போகச் சொல்கிறாய் என்றார். அந்த 'தெரியலீங்க'வுக்காக அவர் சாகும்வரை நான் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. இப்போதும் மன்னிக்கவில்லை.

சிட்டம் வீணாகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் அக்காவோடு வேலை செய்தவர்கள் சொன்னது. முதலாளி அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அரக்கில் ரத்தம் தெரியவில்லை. இன்னொரு முறை சாயத்தில் முக்கிக் காயவைத்துத் தறிக்கு அனுப்பிவிட்டார். அந்த வருஷம் அரக்குப் புடவையில் தாலி கட்டிக்கொண்ட யாரோ ஒருத்தி என் அக்காவைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறாள். நல்லா இருக்கட்டும்.

5

சங்கத்தில் சேர்ந்து சில வருஷத்தில் நான் பாதுகாப்பு அதிகாரி ஆகிவிட்டேன். வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாம். சுடுவதில் எனக்கு ருசியே கிடையாது, குறி சுமார்தான். ஆனால் பலகையில் எழுதியிருந்த விதிகள் எனக்குத் தேவாரம் மாதிரி. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினை. சுடப்போகும் திசையைத் தவிர வேறெங்கும் முனையைத் திருப்பாதே. கோட்டுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் துப்பாக்கியைத் தொடாதே. கடைசி விதியை மீறினால் ஒரு வருஷம் விலக்கு என்று கூட்டத்தில் போராடி எழுதவைத்தவனும் நான்தான்.

பாங்க் மானேஜர் ஒருவரின் தம்பி அப்படித் தொட்டான். அதே இடத்தில் வெளியே போ என்றேன். முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. ஒரு கறுப்பன் சொல்லி நான் போவதா என்று அவன் கண் சொன்னது, வாய் சொல்லவில்லை. விதி பலகையில் இருந்ததே. போனான். எனக்கு அன்று என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். முதலாளியையே வெளியேற்றின மாதிரி இருந்தது.

ஒரு நாள் அவசரத்தில் இங்கிலீஷ் வராமல் "ஏய், நில்லுடா!" என்று கத்திவிட்டேன். வரிசை முழுக்க அப்படியே உறைந்துபோனது. மணியைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்றார் கென். அதிலிருந்து சங்கத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டால் 'நில்லுடா' என்று கேலியாகக் கத்துவார்கள். பாபுவுக்கு அது மானக்கேடு. என்னோடு ஒரே காரில் வரமாட்டேன் என்று சைக்கிளில் வர ஆரம்பித்தான்.

ஆனால் துப்பாக்கியை அவன் விடவில்லை. பன்னிரண்டு வயதிலேயே படுத்து மூச்சை நிறுத்தினால் மரக்கட்டைதான். நான் பாராட்டியதில்லை. அவன் அட்டையை என்னிடம் காட்டுவான், நான் பூட்டைத் திறந்து வைத்தாயா என்று கேட்பேன். சிவப்பு என்றால் சிவப்பு, எதற்காகவும் தாண்டாதே என்று தினமும் ஓதுவேன். அத்தை ஒருத்தி இருந்தாள் என்பதையே அவனிடம் சொன்னதில்லை. சொல்லிவிடுங்கள் என்று சரோஜா பல முறை சொல்லியிருக்கிறாள். எந்த மொழியில் சொல்வது?

6

போன மாதம் நடந்ததற்கு வருகிறேன். அந்த ஞாயிறு என் முறை இல்லை. வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் பால்பண்ணைக்காரர் ஒருவர். சுட்டு முடிந்து, பூட்டுகள் திறந்து, எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போனதும் அட்டைகளை எடுத்துவர நான் முன்னால் நடந்தேன். பால்பண்ணைக்காரர் வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கெட்டிலில் டீ போட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கிரிக்கெட் பேசிக்கொண்டு அவரைச் சுற்றி.

பாபுவின் அட்டையைப் பிடுங்கினேன். பத்துக் குண்டும் நடுவில் ஒரே பொத்தலாகப் போயிருந்தது. எங்கள் சங்கத்தில் அதுவரை யாரும் அப்படிச் சுட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் காட்டிக்கொண்டுதான் திரும்பினேன்.

அவன் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே பொருத்திய தொலைநோக்கிக் குழலில் கண்.

கத்தவேண்டும். மற்றவர்கள் ஒரு விரலை அசைத்தால் கத்துகிறவன் நான். கையில் பிடித்திருந்த அட்டையோடு அப்படியே நின்றேன். அக்காவும் கையில் சிட்டத்தோடு இப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியது. அவன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். வேறு ஒருத்தரும் பார்க்கவில்லை.

பக்கத்தில் போய் ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். அவனுக்கு இன்னும் விஷயம் உறைக்கவில்லை. முகம் பிரகாசமாக இருந்தது.

"உன் மூஞ்சியப் பாத்தேன்ப்பா. கார்ட் பாத்து நீ சிரிக்கிறியான்னு." என் வாயைச் சுட்டிக்காட்டி, "சிரிச்சே," என்றான்.

நான் நேராகப் போய் மணியை அடித்தேன்.

7

கூட்டத்தில் கென் எனக்காகவே வாதாடினார் என்று சொல்லவேண்டும். பூட்டு திறந்திருந்தது, துப்பாக்கி காலி, பையன் ஒரு நொடி மறந்துவிட்டான், யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கண்டித்து விட்டுவிடலாம் என்றார். தலைகள் ஆடின. எல், உன் பையன் என்று நினைத்துப் பார் என்றார்.

ஊருக்குத்தான் உபதேசமா என்றேன். அதைத் தமிழில் சொல்லிவிட்டேன், அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு இங்கிலீஷில் சொன்னேன்: பாங்க் மானேஜரின் தம்பியும் காலித் துப்பாக்கியைத்தான் தொட்டான். பலகையில் இருப்பதை எடுத்துவிடுங்கள், அல்லது இவனை விலக்குங்கள். பாங்க் மானேஜர் மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தூக்கச் சொன்னார்கள். முதலில் தூக்கியவன் நான். மற்றவர்கள் என்னைப் பார்த்தபின் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். பாபு கதவுக்கு வெளியே நின்றிருந்தான். கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும்.

சரோஜா அன்று என்னிடம் கேட்டாள்: "உங்க அக்கா செத்ததுக்கு எம்புள்ளய பலி குடுத்தீங்களா? அவன் இன்னா அந்த மொதலாளி புள்ளயா?"

அவனைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்றேன். நாளைக்கு ஒரு உயிர் போனால் அவன் எப்படித் தாங்குவான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவன் ஒங்க மூஞ்சில சிரிப்பப் பாக்க பைனாகுலர் வெச்சுப் பாக்க வேண்டியிருக்குது. அத்த நெனச்சுப் பாத்தீங்களா?" என்றாள். அதன்பின் ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கி வேலை பார்க்கிறாள். வாரத்துக்கு ஒரு தரம் வந்து அவனுக்குச் சமைத்துவைத்துவிட்டுப் போவாள். எனக்கு நானே வடித்துக்கொள்கிறேன்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அவன் அணைக்க விடவில்லை. எனக்கும் பழக்கமில்லை. வீட்டுக்குள் இருவரும் ஒருவரையொருவர் உரசாமல் நடக்கக் கற்றுக்கொண்டோம். அவன் துப்பாக்கியை விற்றான். பள்ளிக்கூடத்தில் போய்ப் பெயரை எடுத்துவிட்டு வந்தான். கையெழுத்து வாங்க என்னிடம் வரவில்லை, அம்மாவிடம் போனான்.

8

இன்று காலை பஸ் நிறுத்தம்வரை நான்தான் காரோட்டினேன். சரோஜாவுக்கு வேலை. நேற்றே கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டார்கள். பஸ் வர நேரமிருந்தது. வண்டிக்குள் இருவரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இனி எப்போது கிடைப்பான் என்று தெரியாது. சொல்ல ஆரம்பித்தேன்.

பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். உனக்கு ஒரு அத்தை இருந்தாள் என்றேன். ஏரி, பெரிய மனிதர்கள், துப்பாக்கி, மறந்துபோன கொடி, அதற்குப் பதிலாகக் கட்டின சிவப்புப் பட்டு, அத்தை அதை எடுக்கப் போனது, பஸ், கண்ணமங்கலம், அம்மா அத்தையின் கண்ணை மூடிவிட்டது எல்லாம் சொன்னேன். அவன் ரொம்ப நாளைக்குப் பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டான். முகம் இளகியது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. போக வேண்டாம், காரைத் திருப்பு என்று சொல்லிவிடுவான் என்றுகூட நினைத்தேன்.

பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கிச் சாமான் வைக்கும் கதவைத் திறந்தார். பாபு பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். இரண்டடி போய்த் திரும்பி வந்தான். புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தான், உண்மையாகவே விளங்காமல்.

"அப்பா, துணியோ சில்க்கோ, ரெட்தானே? ரெட்னா ரெட்னு நீதானே சொல்லுவே. சுட்ற எடம்னு அத்தைக்குத் தெரியும். அப்புறம் ஏன் போனாங்க?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. அந்த விதியைக் கரைத்துப் புகட்டினவன் நான். அவனுக்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும்?

பட்டு நிழலில்தான் காயவேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். சிட்டத்தை எண்ணிக் கொடுப்பதைச் சொல்லவேண்டும், வெளுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டும், முதலாளி என்றால் யார், காலனி என்றால் என்ன, நைனா ஏன் என் மணிக்கட்டைப் பிடித்தார் எல்லாம் சொல்லவேண்டும். ஒரு ஆரணியையே அவன் கையில் கொடுக்கவேண்டும். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தெரியலடா," என்றேன்.

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பாபுவும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஏறிப்போய் உட்கார்ந்துகொண்டான்.